பப் என்றால் சாராயக்கடையா?

அன்பு மாணவர்களே, உறவுகளே!

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமத்து பப் ஒன்றில் உட்கார்ந்திருந்த படத்தைப் போட்டேன். "சார், நீங்களுமா?" என்கிறான் ஒரு மாணவன். "குடும்ப மானம் போச்சு" என்கிறார் மைத்துனர்.

குடி கெடுத்த வீடுகளிலிருந்து பசியோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்த நினைப்பில் நானும் வாசலில் தயங்கத்தான் செய்தேன். உள்ளே போனால், பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளோடு சாப்பிடுகிறார்! 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். நான் சாப்பிட்டது சுட்ட கோழி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங். பெயர்தான் புட்டிங், இனிப்பு கிடையாது. குடித்தது எலுமிச்சை கலந்த சோடா. யாரும் என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை.

கடையும் தபால் நிலையமும் மூடிவிட்ட கிராமங்களில், வயதானவர்கள் நாலு பேரோடு பேச மிஞ்சியிருக்கும் இடம் இதுதான். இதுவும் பல ஊர்களில் மூடப்படுகிறது. ஊருக்குப் பயன்படும் இடமாகப் பதிவான பப் விற்பனைக்கு வந்தால், ஊரார் வாங்க முயல 2011ஆம் ஆண்டுச் சட்டம் அவகாசம் தருகிறது. பங்கு போட்டு வாங்கி நடத்தும் ஊர்களும் உண்டு. சாராயக்கடையைக் காப்பாற்ற எந்த ஊராவது பணம் போடுமா?

இங்கே வாழும் என் மாணவர்களே, பப் வாசலில் செல்ஃபி எடுத்துவிட்டு, காருக்குள் புளிசாதம் சாப்பிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய் ஒரு வேளை சாப்பிடுங்கள். குடிக்க வேண்டாம், கட்டாயமில்லை.

பாடத்தைப் படிக்காமல் விடை எழுதாதே என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னேன்! மறந்துவிட்டதா?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்