மெகாவாட் கணக்கில் வராத ஆராய்ச்சி

நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. 2022-க்குள் எட்டியிருக்க வேண்டிய இலக்கு இது. தாமதமானாலும் சாதனையே, மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தப் பலகைகளின் மூலப்பொருளான பாலிசிலிக்கானுக்கும் அதிலிருந்து அறுக்கப்படும் சில்லுகளுக்கும் பெரிதும் சீனாவையே நம்பி இந்த உயரத்தை எட்டினோம் என்பதை அமைச்சர்கள் உரக்கச் சொல்வதில்லை.

சிலிக்கான் பந்தயத்தில் பிந்திய நாடு, அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பத்திலாவது முந்திக்கொள்ளுமா? பாலிமர் படலங்களால் ஆன கரிம சூரிய மின்கலங்களை உரைகல்லாகக் கொள்ளலாம். சிலிக்கான் சில்லு சுமார் 150 மைக்ரான் தடிமன் கொண்டது. பாலிமர் படலத்துக்கு 0.1 மைக்ரான் அளவே போதும். எடை குறைவு, வளைக்கவும் முடியும். மின்சாரம் கடத்தும் பாலிமர்களைக் கண்டறிந்த மூவருக்கு 2000-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது.

சிக்கல், படலத்தைப் பூசுவதில்தான். பாலிமரைக் கரைத்துச் சுழலும் கண்ணாடி மீது ஊற்றுவது ஆய்வுக்கூட வழக்கம். ஊற்றியதில் பெரும்பகுதி சிதறி வீணாகும். அதன்மேல் மற்றோர் அடுக்கைப் பூசினால், அதிலுள்ள கரைப்பான் கீழ் அடுக்கையே கரைத்துவிடக்கூடும். லேசர் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. புற ஊதா லேசரால் பாலிமரை நேரடியாகத் தாக்கினால் அதன் சங்கிலிகள் அறுந்துவிடும். எனவே, பாலிமர் கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் அதன்மீது லேசர் துடிப்புகளைச் செலுத்துகிறார்கள். கரைப்பான் ஆற்றலை ஏற்று ஆவியாக, பாலிமர் பெரிதும் சிதையாமல் எதிரேயுள்ள தளத்தில் படிகிறது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களில் உருவான உத்தி இது. டியூக் பல்கலைக்கழகம் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு இதை மேம்படுத்தியது.

இதற்கு மூத்த முறையான துடிப்பு லேசர் படிவை, 1987-இல் மீகடத்திப் படலங்களுக்குப் பயன்படுத்தி உலகின் கவனத்தை ஈர்த்த குழுவில் முன்னணியில் நின்றவர் டி. வெங்கடேசன். இந்திய ஐ.ஐ.டி.யில் படித்தவர். சாதனை நிகழ்ந்ததோ நியூஜெர்சியில்!

இங்கு வசதியே இல்லை என்று சொல்ல முடியாது. லேசர் நிபுணத்துவம் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் இருக்கிறது. அது அணுசக்தித் துறையின் கீழ். கரிம மின்கல அனுபவம் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது, அது சி.எஸ்.ஐ.ஆர். வசம். சூரிய மின்சாரமோ மூன்றாவதாக ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு. மூன்று கோப்புகளும் ஒரே மேஜைக்கு வருவது அபூர்வம்.

பணம் போகும் திசையும் கவனிக்கத்தக்கது. சூரியப் பலகை உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ரூ. 24,000 கோடி. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவோ, 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். மணிப்பூர் அமளிக்கிடையே 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி அமைந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடி என்றார்கள். அதில் ரூ. 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். 2025-இல் தொடங்கப்பட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியம், ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கும் தனியார் துறைக்கும் ஆனது. குழந்தை நடக்கக் கற்ற பிறகு கைப்பிடிக்க வரும் திட்டம் அது.

லேசர் முறை வேகம் குறைந்தது. வெற்றிடக் கருவிகள் விலை அதிகம். இம்முறையில் தயாரான மின்கலங்களின் செயல்திறனும் பின்தங்கியே உள்ளது. சிறந்த கரிம மின்கலங்கள் ஆய்வுக்கூடத்தில் 20 சதவீதத்தை ஒட்டி நிற்பது வேறு பூச்சு முறைகளால்தான். இது தொழிற்சாலை வாசலை எட்டாமலே போகலாம். அதையும் சொந்தமாகச் சோதித்து அறிய வேண்டும். இல்லையேல் எந்த முறை வென்றாலும் இயந்திரத்தை இறக்குமதிதான் செய்வோம்.

அவையில் சூரிய மின்சாரம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் எந்த மாநிலத்தில் எத்தனை மெகாவாட் என்பதோடு முடிகின்றன. அடுத்த மானியக் கோரிக்கையின்போதாவது, இந்தூருக்கும் தில்லிக்கும் பொதுவான ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று நிலைக்குழு உறுப்பினர்கள் கேட்கட்டும்.