யாழ் வேறு, வீணை வேறு கண்ணுகளா!



ஒரு வாரமாக நம் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. படத்தில் இருப்பது தஞ்சாவூர் வீணை. யாளி முகம், பலாமரக் குடம், மெட்டுகள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அடியில் "இதுதான் தமிழனின் யாழ்; வடவர் திருடி வீணை என்று பெயர் மாற்றினர்" என்று எழுதியிருக்கிறது. ஆளாளுக்குக் கைகூப்பியிருக்கிறீர்கள். மறுத்துப் பேசியவரோ, "யாழ் என்பது வீணையின் பழைய பெயர், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். இரண்டு பேச்சுமே தப்பு. நான் சும்மா இருந்தால் நாற்பது வருசம் தமிழ் சொல்லிக் கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

யாழில் மெட்டு கிடையாது. தோல் போர்த்திய பத்தர், அதிலிருந்து வில்லாக வளைந்து எழும் கோடு, இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய நரம்புகள். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அதனால்தான் பேரியாழுக்கு 21 நரம்பு வேண்டியிருந்தது. வீணையில் வாசிக்கும் தந்தி நாலே நாலு, தாளத்துக்கு மூன்று. 24 மெட்டுகளின் மேல் விரலால் அழுத்தியும் இழுத்தும் எல்லாச் சுரத்தையும் கமகத்தையும் எடுக்கிறார்கள். செய்முறை வேறு, வாசிக்கும் முறை வேறு.

சான்று கேட்பீர்கள். திருவாசகத்தைத் திறந்து திருப்பள்ளியெழுச்சியைப் பாருங்கள். இறைவன் சந்நிதியில் நிற்பவர்களைச் சொல்லும்போது மாணிக்கவாசகர் வீணைக்காரரையும் யாழ்க்காரரையும் தனித்தனியாகச் சொல்கிறார். ஒன்றென்றால் எதற்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்?

சரி, அப்படியானால் திருட்டுக் கதை உண்மையா? அதுவும் இல்லை. நம் ஊரில் இன்று "தறி ஓட்டுகிறேன்" என்றால் விசைத்தறி. நம் பாட்டன் காலத்தில் தறி என்றால் கைத்தறி, காலால் மிதிப்பது. சொல் அப்படியே நிற்க, பொருள் மாறிவிட்டது. வீணை என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. குப்த அரசன் சமுத்திரகுப்தன் வீணை வாசிப்பதாக அச்சிட்ட பொற்காசைப் பாருங்கள். மடியில் இருப்பது வில் வடிவக் கருவி, நம் யாழுக்கு உறவு. அன்று வடக்கிலும் அதற்கு வீணை என்றே பெயர். மெட்டு வைத்த கருவி பிறகு வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

இதற்கு நம் கொங்கு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பெருந்துறைக்குப் பக்கத்து விஜயமங்கலத்துக் கொங்குவேளிர் உதயணன் கதையைப் பெருங்கதையாகப் பாடினார். வடமொழியில் உதயணன் கையில் இருப்பது கோஷவதி என்னும் வீணை. கொங்குவேளிர் அதைக் கோடவதி என்னும் யாழ் ஆக்கினார். அவருக்கு அதில் சண்டை எதுவும் தெரியவில்லை.

எதற்கு இந்த வாத்தியார் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்று நினைக்கலாம். பாணர் கையில் இருந்த யாழில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. மிச்சம் இருப்பது சில சிற்பங்களும், பத்தர், கோடு, திவவு என்ற சொற்களும்தான். ஈழத்து விபுலானந்த அடிகள் அந்தச் சொற்களை வைத்தே கணக்குப் போட்டு, யாழ் நூலை 1947இல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே கண்மூடினார். இன்று சென்னையில் தருண் சேகர் போன்ற இளைஞர்கள் யாழை மறுபடி செய்து வாசிக்கிறார்கள் என்றால், அதற்கும் அந்தப் பழஞ்சொற்கள்தான் வழிகாட்டி. அவற்றையும் வீணைப் படத்தின் அடியில் போட்டுப் புதைத்தால், யாழை இரண்டாவது முறை தொலைத்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

நம் சொந்தத்திலேயே எத்தனை யாழினிகள்! நாளைக்கு அந்தக் குழந்தை "யாழ்னா என்னங்க தாத்தா?" என்று கேட்டால் வீணையைக் காட்டுவீர்களா?

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த படம் வந்தால், அனுப்புவதற்கு முன் தந்திக்கு அடியில் மெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது யாழ் இல்லை. தமிழ்ப் பற்று என்று சொல்லித் தப்பைப் பரப்ப வேண்டாம். மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், ஆனால் சான்றோடு வாருங்கள். கைகூப்புகிற பொம்மை சான்று ஆகாதுங்க.