கேக் யார் கையால் வந்தது?

"கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேண்டிய கேக்கையும் பிஸ்கட்டையும் நம்மவர் கடையில்தான் வாங்க வேண்டும். பிறர் கல்லாவுக்கு நம் பணம் ஏன் போக வேண்டும்?" அண்மையில் பெற்றோர் சிலர் கூடியிருந்த ஓரிடத்தில் இப்படி ஒரு கருத்து எழுந்தது. பலர் தலையசைத்தனர். நாங்களும் அங்கே இருந்தோம், வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியதிலிருந்து அந்த மௌனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான், ஆண்டு மலருக்கு எழுதுங்கள் என்று கேட்டதும் இதையே எழுதத் துணிந்தோம்.

நாங்கள் இப்பள்ளியின் பழைய மாணவியர், அக்கா தங்கையர். எங்கள் பேத்தியர் இன்று இங்கே பயில்கின்றனர். 1979 இல் இங்கு வந்து சேரும் முன் எங்கள் சிறுவயது கல்கத்தாவில் கழிந்தது. அப்பாவுக்குத் தென்கிழக்கு இரயில்வேயில் உத்தியோகம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்தோம். டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் எங்களுக்குப் பாடத்தில் மனம் செல்லாது. ஒரு மாலை அப்பா ட்ராமில் ஏற்றி எஸ்பிளனேடுக்கு அழைத்துச் செல்வார். அங்கிருந்து சற்று நடந்தால் நியூ மார்க்கெட்.

பெயர்தான் புதிது. 1874 ஜனவரி முதல் நாள் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம் அது. மாநகராட்சித் தலைவராயிருந்த ஸ்டூவர்ட் ஹாக் என்பாரின் பெயரை 1903 இல் அதற்குச் சூட்டினார்கள். ஊர் ஜனங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உள்ளே நுழைந்தால் பூக்கடை, துணிக்கடை, இறைச்சிக் கடை எனச் சந்து சந்தாகப் பிரியும். தலையில் பெரிய கூடையோடு கூலியாட்கள் பின்னாலேயே வருவார்கள். அக்கா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ள, தங்கை அக்காவின் பின்னலைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் போய் நிற்குமிடம் நஹூம் கடை.

பாக்தாதிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த யூதர் ஒருவர், நஹூம் இஸ்ரயேல் மொர்தெக்காய், 1902 இல் தொடங்கிய தொழில் அது. 1916 முதல் அந்தச் சந்தைக்குள்ளேயே கடை. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரர்கள். பழைய மர அலமாரிகள், கண்ணாடிப் பெட்டிகள், அவற்றுக்குள் பாதாம் மக்ரூன், பாலாடைக்கட்டி வைத்த சமோசா, வகை வகையாய்க் கேக்குகள். வெள்ளிக்கிழமையானால் யூதர்கள் ஓய்வுநாளுக்கென உண்ணும் பின்னல் ரொட்டியும் இருக்கும். பழம் நிறைந்த விலை உயர்ந்த கேக் ஒன்று உண்டு. சாதாரண ப்ளம் கேக் ஒன்று உண்டு. அப்பா ஒவ்வோர் ஆண்டும் முதலாவதைப் பார்ப்பார், இரண்டாவதை வாங்குவார். மாதச் சம்பளக்காரர் வேறென்ன செய்வார்? ஆனால் அதன் மணம் ட்ராம் முழுவதும் எங்களோடு வரும்.

ஓராண்டு ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தார். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து கேக்கை வெட்டும்போதுதான் விவரம் தெரிந்தது. "என்னடா இது, யூதர் கடையிலா வாங்கினாய்? ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாதவர்கள் கைபட்டதையா பாலனுக்கு முன்னால் வைப்பது?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அம்மா நடுங்கிப் போனார். அப்பா மட்டும் குடிலைச் சுட்டிக்காட்டி, "அம்மா, மாதாவும் சூசையப்பரும் எந்தக் குலம்?" என்று கேட்டார்.

பாட்டி பதில் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து அரைத்துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பழம் குறைச்சல்" என்றார். அது உண்மைதான், விலை குறைந்த கேக் அல்லவா!

அந்தக் கேக்கைப் பற்றி அப்பா பிறகு சொன்னது இன்னும் வியப்பு. கடைக்காரர் யூதர், அடுப்படியில் வேலை செய்பவர்களில் முஸ்லிம்கள் பலர், வரிசையில் நிற்பவர்களோ கிறிஸ்தவர்களும் இந்துக்களும். இதில் "நம்மவர்" யார் என்று பிரித்தெடுக்க எந்தச் சல்லடையால் முடியும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்கள் இன்று விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே. 1884 இல் கட்டிய அவர்களது மாகென் டேவிட் தொழுகைக் கூடத்தைப் பேணுபவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். 1881 இல் அவர்கள் நிறுவிய பெண்கள் பள்ளியில் இன்று பயிலும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். 1985 டிசம்பரில் நியூ மார்க்கெட்டின் ஒரு பகுதி தீக்கிரையானது. அந்தக் கடை தப்பியது. கடையைப் பல்லாண்டு நடத்திய பேரர் டேவிட் நஹூம் 2013 இல் மறைந்தார். அதன் பின்னும் டிசம்பரில் வரிசை நிற்கிறது. தன் இனத்தாரிடம் மட்டுமே விற்போம் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அல்லது தன் இனத்தாரிடம் மட்டுமே வாங்குவோம் என்று ஊரார் எண்ணியிருந்தால், அந்த அடுப்பு எப்போதோ அணைந்திருக்கும்.

கூட்டத்தில் பேசியவர் தீயவர் அல்லர். நம் பங்கில் அடுப்பூதிப் பிழைக்கும் ஏழைத் தாய்மாருக்கு நாலு காசு கிடைக்கட்டுமே என்பது அவர் எண்ணமானால், நாங்களே முதல் ஆளாய் அவர்களிடம் வாங்குவோம். ஏழை என்பதற்காக வாங்குவது வேறு. இன்ன சமயத்தவர் என்பதற்காக விலக்குவது வேறு. நாளை ஊரார் இதே கணக்கைப் போட்டு, "கன்னியர் நடத்தும் பள்ளிக்கு நம் பெண்ணை ஏன் அனுப்ப வேண்டும், நம் பணம் அங்கே ஏன் போக வேண்டும்?" என்று கேட்டால், நம் வகுப்பறைகளில் எத்தனை பெஞ்சுகள் காலியாகும்? எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, கிறிஸ்மஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களாய் வேடமிட்ட தோழியர் மூவரில் ஒருத்திகூடக் கத்தோலிக்கப் பெண் இல்லை. அவர்கள் வீட்டார் அன்று இந்தக் கணக்கைப் போடவில்லை.

மாணவியரே, இவ்வாண்டு எங்கள் வீட்டுக் கேக்கைத் தெருமுனை பேக்கரியில் சொல்லி வைத்திருக்கிறோம். அதை நடத்துபவர் என்ன சமயம் என்று பேத்தி கேட்டாள். முப்பது ஆண்டாக அங்கே ரொட்டி வாங்குகிறோம், எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டம் ஜனவரியில் என்கிறார்கள். வருகிறோம். இம்முறை பேசுவோம்.