முகவரியில்லாத முகப்பூச்சு!

விதி வந்துவிட்டது, வீதி மாறவில்லை!

2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அழகுப் பொருள்களுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது இந்திய அரசு. அதுவரையில் பவுடரும் களிம்பும் உதட்டுச் சாயமும், மருந்துகளுக்காக 1945-இல் எழுதப்பட்ட விதிப் புத்தகத்தின் மூலையிலே ஒண்டுக்குடித்தனம் நடத்தி வந்தன. 1940-இல் பிறந்த மருந்துச் சட்டத்திலே அழகுப் பொருள்களுக்கு இடம் கிடைத்ததே 1962-இல் செய்த திருத்தத்தால்தான். இப்போது தனி வீடு, தனிக் கதவு, தனிப் பூட்டு. பூட்டு இருந்து பயன் என்ன, கொல்லைப்புறம் திறந்து கிடந்தால்?

விதிகள் கேட்பது என்ன, தோழர்களே? உரிமம் பெற்றுத் தயாரி. தூய்மையான இடத்திலே, தொழில் அறிந்தவரின் மேற்பார்வையிலே தயாரி. சரக்கைச் சோதித்துப் பார்த்து அனுப்பு. டப்பாவின் மேலே உன் பெயரையும், முழு முகவரியையும், உரிம எண்ணையும், தொகுதி எண்ணையும், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அச்சிடு. வெளிநாட்டுச் சரக்கா? முதலில் பதிவு செய், பிறகு இறக்கு. பாதரசக் கலவை சேர்க்காதே. அறியாமல் மாசாகக் கலந்துவிட்டாலும், முகப்பூச்சிலே 10 லட்சம் பங்குக்கு 1 பங்கைத் தாண்டக் கூடாது.

"முகத்திலே தடவும் களிம்புக்கு இத்தனை கெடுபிடியா?" என்று கேட்போர் உண்டு. அவர்களைக் கேரளத்து மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லுக்குச் சற்றே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அங்கே மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். ஒரே நோய் அத்தனை பேருக்கும்: இரத்தத்தை வடிகட்டும் சல்லடை பழுதாகிவிட்டது. அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று. துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்பைத் தடவியவர்கள் என்பது வெளிவந்தது! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். 2023-இலேயே கேரளத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

களிம்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு? தோலிலே கருமை உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆகவே சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. கண்ணாடி முன் நிற்பவருக்கு மகிழ்ச்சி! ஆனால் தடவிய பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே இறங்குகிறது; இரத்தத்தோடு ஓடுகிறது; சிறுநீரகத்திலே குடியேறுகிறது. சல்லடை கிழிகிறது; உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகுகிறது; காலும் முகமும் வீங்குகின்றன. தடவியவர் மட்டுமா? ஆவியாகவும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டியும், தடவாத குழந்தையையும் அது தொடுகிறது.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பெயரை உலகம் மறக்கவில்லை. ஆலை கடலிலே கொட்டிய பாதரசம், மீனின் வழியாக மீனவர் குடும்பங்களைச் சிதைத்த கொடுமை 1956-இல் அம்பலமாயிற்று. அவ்வூரின் பெயரால் 2013-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 2018-இல் இந்தியாவும் ஏற்றது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 10 லட்சத்துக்கு 1 என்ற சலுகையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் ஒழிப்பதென முடிவெடுத்தன.

"விதி வேண்டும், சரி. சிறு தொழில் செய்பவன் சோதனைச் செலவுக்கு எங்கே போவான்?" இந்தக் கேள்வியிலே நியாயம் இருக்கிறது. கொட்டகை போட்டு, நாலு பேருக்குக் கூலி கொடுத்து, சோப்பும் பவுடரும் செய்பவர் சொந்தமாகச் சோதனைக்கூடம் கட்ட முடியுமா? முடியாது. அதனால்தான் அங்கீகாரம் பெற்ற வெளிச் சோதனைக்கூடத்தில் சோதித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்தக் கூடம் அருகிலே இருக்க வேண்டும், கட்டணம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அரசைக் கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் விதியையே தளர்த்து என்று கேட்பது தற்கொலைக்கு ஒப்பாகும். ஏன் என்கிறீர்களா? உரிமம் பெற்றவரின் முகவரி அதிகாரியிடம் இருக்கிறது. என்றைக்கும் கதவைத் தட்டலாம். பெயரில்லா டப்பாவை விற்பவனின் கதவு எங்கே? விதி தளர்ந்தால் கொழுப்பவன் அவன், நசுங்குபவர் நேர்மையாளர். அதிகாரிகளின் தடம் சிறு பட்டறை வாசலோடு நின்றுவிடாமல், மொத்த வியாபாரக் கிடங்கு வரை நீள வேண்டும். "நான் செய்யவில்லை, விற்கத்தானே செய்தேன்" என்று கடைக்காரரும் கைகழுவ முடியாது. விற்பவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே!

தோழர்களே! இந்தச் சரக்கு எப்படி விற்கிறது? "கறுப்பு குறை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோமே, அந்த இழிவின் மேல் ஏறி நின்று விற்கிறது. பெண் பார்க்க வந்தவர் நிறம் கேட்கிறார். மணமகள் தேவை விளம்பரம் நிறம் கேட்கிறது. கூலியிலே மிச்சம் பிடித்த காசோடு நம் வீட்டுப் பெண் கடைக்கு ஓடுகிறாள். வெயிலிலே உழைத்துக் கறுத்த மேனி வெட்கப்பட வேண்டியதா? அந்த வெட்கத்தை ஒழிக்க எந்த அதிகாரியும் விதி எழுத முடியாது. அது நம் வேலை.

இன்று மாலையே தொடங்கலாம். வீட்டிலிருக்கும் டப்பாவை எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, உரிம எண் இருக்கின்றனவா? மெர்க்குரி, கலோமல் என்ற சொற்கள் உண்டா? "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் தடவவும்" என்று எழுதியிருக்கிறதா? அது பாதரசத்தின் கையெழுத்தாக இருக்கலாம். ஐயம் வந்தால் தடவுவதை நிறுத்துங்கள். ரசீதோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்திலே புகார் கொடுங்கள். மன்றத்திலும் படிப்பகத்திலும் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். தோடு கெட்டுவிடும் என்று அஞ்சும் களிம்பை, அந்தத் தோடு அணிந்த மகளின் கன்னத்திலே தடவச் சம்மதிப்போமா?