இல்லறக் கணக்கு: தறி வீட்டுத் தூளியும் பிள்ளைத் துணியும்



ஆரணி நகரில் பட்டுத்தறி ஓடும் சிறிய இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்கூடமே அங்கு தொழிற்கூடம். தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து கணவர் நெய்துகொண்டிருக்க, ராட்டையில் தார் சுற்றும் மனைவிக்குக் கையெட்டும் தொலைவில் தூளி ஆடுகிறது. பாவில் பூட்டியுள்ள பட்டும் சரிகையும் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பொருளல்ல. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ நம்பிக் கொடுத்தவை. ஈரக் கையோடு தொடவும் அஞ்சுகின்ற அந்தப் பொருளுக்கு அருகில், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நனைக்கும் பச்சிளங்குழந்தை! அவ்வீட்டு இளந்தாய் கடையில் விற்கும் டயாப்பரை நாடினால் அவரைச் சோம்பேறி என்று ஏசுவது நியாயமன்று.

ஆயினும் கணக்கைப் பார்த்தாக வேண்டும். டயாப்பர் ஒன்றின் விலை 10 ரூபாய் என்றும், நாளுக்கு 6 தேவை என்றும் கொள்வோம். மாதத்திற்கு 1,800 ரூபாய். பின்னர் எண்ணிக்கை குறைந்து நாளுக்கு ஐந்தாகவே கொண்டாலும், இரண்டு ஆண்டுகளில் 36,000 ரூபாயைக் கடந்துவிடும். 2025 செப்டம்பரில் டயாப்பருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பத்து ரூபாய்ப் பொருளில் அதனால் மிஞ்சுவது அறுபது காசளவே. மேலும் நெசவாளிக்குக் கூலி நாள்தோறும் வருவதில்லை. சேலையை அறுத்துக் கொடுத்த பின்னரே கைக்கு வருகிறது. இடைப்பட்ட நாட்களில் பெரிய பொட்டலம் வாங்க வழியின்றித் தெருமுனைக் கடையில் ஒன்றிரண்டாக வாங்குவோர், ஒவ்வொன்றுக்கும் கூடுதல் விலையே கொடுக்க நேரிடுகிறது. கையில் பணமில்லாதவருக்கே பொருள் விலை ஏறுவது என்ன நீதியோ!

பிள்ளைத் துணிக்கு முதல் தேவை பழைய பருத்தி வேட்டி. நான்கு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரத் துண்டுகள் ஆறு கிடைக்கும். ஐந்து வேட்டிகள் இருந்தால் முப்பது துண்டுகள். ஒரு குழந்தைக்கு அது தாராளம். நைந்த கைலியும் பழைய வாயில் சேலையும் உதவும். குறுக்காக மடித்து முக்கோணமாக்கி, நடுவில் இன்னொரு துண்டை நீளவாக்கில் மடித்து வைத்து, முனைகளை முடிச்சிட்டால் போதும். ஊசி குத்த வேண்டாம். புதுத் துணியாயின் நான்கைந்து முறை துவைத்த பின்னரே நன்கு நீர் உறிஞ்சும். இதன் காரணத்தை ஆரணிப் பெண்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கச்சாப் பட்டை சோப்புக் கரைசலில் காய்ச்சி, எடையில் ஏறத்தாழ கால் பங்கு கோந்தை நீக்கிய பின்னரே அது மென்மை பெறுகிறதல்லவா? புதுப் பருத்தியிலும் இயற்கை மெழுகும் பாவில் ஏற்றிய கஞ்சிப்பசையும் தங்கியிருக்கின்றன. அவை நீங்கிய பிறகே துணி ஈரம் குடிக்கும்.

துவைக்கும் முறையில் தவறினால் துணியே குழந்தைக்குப் புண்ணாகிவிடும். மலத்தை முதலில் கழிப்பறையில் உதறிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுநீர் ஊற்றினால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். அதன்பின் சோப்பிட்டுத் துவைத்து, நுரை அறவே நீங்குமளவு அலசுக. நறுமணத்துக்காகவும் மிருதுவுக்காகவும் விற்கும் திரவங்கள் துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும், அவை வேண்டாம். வெயில் கிட்டினால் அதுவே சிறந்த மருந்து. நனைந்த துணியை மட்டும் நெடுநேரம் குழந்தையின் இடுப்பில் விட்டுவைக்காதீர்கள்.

துணியைக் கைவிடும் சகோதரிகள் பலர் கூறும் காரணம் செலவோ உழைப்போ அன்று, தொழுகை. “எந்நேரமும் நஜீஸ் பட்ட கையும் உடையுமாக இருக்கிறேனே, எப்படித் தொழுவது?” என்ற கலக்கம். உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அக்குழந்தை அண்ணலாரின் ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்து அவ்விடத்தில் தெளித்துக்கொண்டார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள செய்தி. இதனடிப்படையில், பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும் என்றும், பெண் குழந்தையுடையதைக் கழுவ வேண்டும் என்றும் ஷாஃபிஈ மத்ஹபினர் கொள்கின்றனர். நம் வட மாவட்டங்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். வாளி நீரில் கழுவினால், மூன்று முறை நீர் மாற்றி ஒவ்வொரு முறையும் பிழிந்தால் துணி தூய்மையாகிவிடும். கழுவிய பின்னும் போக்க இயலாத மங்கிய கறை தங்கினால் அது மன்னிக்கப்பட்டதே. தொழுகைக்கென ஒரு தாவணியும் மாற்றுடையும் தனியே மடித்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. டயாப்பரோ நஜீஸை மறைத்து வைக்கிறதேயன்றி அகற்றுவதில்லை. நனைந்த டயாப்பருடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழலாமா என்ற கேள்வி அங்கும் எழத்தான் செய்கிறது.

இனி, உழைப்பு. துணி இலவசம் என்று ஆண்கள் சொல்லும்போது, துவைப்பவரின் நேரத்தை அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் துணிக்குப் போனால், அந்த ஒரு மணி நேரம் தார் சுற்றப்படவில்லை என்று பொருள். அண்ணலார் தம் இல்லத்தில் வீட்டு வேலைகளில் துணைநிற்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தறியிலிருந்து எழும் கணவர் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டால் அவருடைய மதிப்பு குறைந்துவிடாது. மாமியார் அதனைக் கண்டு முகம் சுளிக்காதிருப்பதும் ஓர் உதவியே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உலராது. தறிக் கூடத்தில் கொடி கட்டினால் ஈரக்காற்று பாவுக்கும் சரிகைக்கும் கேடு. அடுப்படியின் மேலே, நெருப்புக்குப் போதிய உயரத்தில் கொடி கட்டுவதே தக்க வழி. அந்த இரு மாதங்களுக்கும், இரவுக்கும், வெளியூர்ப் பயணத்துக்கும் டயாப்பர் வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. இரவுக்கு ஒன்று என்றால் மாதம் 300 ரூபாய். 1,800 எங்கே, 300 எங்கே!

துணியே சுற்றுச்சூழலுக்கு எப்போதும் உகந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வில், மிகுந்த சூட்டில் துவைத்து மின் இயந்திரத்தில் உலர்த்தினால் துணியின் மேன்மை போய்விடும் என்றும், வெயிலில் உலர்த்தி அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் கரியமில வாயு ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என்றும் தெரியவந்தது. இவ்விரண்டும் நம் வீடுகளில் தொன்றுதொட்டு உள்ள வழக்கமே.

வாங்கும் ஒரு டயாப்பரையும் எங்கே போடுவது என்பதில் கவனம் தேவை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், டயாப்பரை எரித்தால் குழந்தைக்குச் சூட்டுப்புண் வரும் என்றெண்ணிப் பலர் அதனைப் பிரன்தாஸ் ஆற்றில் வீசினர். 2017இல் தன்னார்வலர்கள் குழுவாக இறங்கி அவற்றை அள்ள வேண்டியதாயிற்று. நம் கமண்டல நாகநதியில் மழைக்காலம் தவிர்த்துப் பெரும்பாலும் மணல்தான். அங்கு வீசியது அடுத்த வெள்ளம் வரும்வரை அங்கேயே கிடக்கும். வீட்டில் எரிப்பதும் கூடாது. நெகிழி எரியும் புகை குழந்தைக்கே தீங்கு. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயாப்பரைச் சுருட்டிப் பழைய செய்தித்தாளில் இறுகப் பொதிந்து, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். இறுகப் பொதிந்தே போட வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கூறின. அதனைக் கையால் பிரிக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.