கறுநீலமா, எவர்சில்வரா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று குழம்பும் பழைய கேள்வி ஒன்று உண்டு. ஒரே ரிவால்வர், ஒரே தோட்டா. ஆனால் ஒன்று கறுநீலமாக மின்னுகிறது, இன்னொன்று எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளக்கிறது. எதை எடுப்பது? வேடிக்கை பார்ப்பவருக்கு இது வெறும் கலர் விஷயம். வாங்குபவருக்கோ இது துருவைப் பற்றிய கேள்வி.

முதலில் கறுநீலம். 'புளூயிங்' என்பது பெயிண்டும் அல்ல, முலாமும் அல்ல. சொல்லப்போனால் அதுவும் ஒரு வகைத் துருதான்! சிவப்புத் துரு உதிர்ந்துகொண்டே போகும், அடியில் இருக்கும் இரும்பையும் தின்னும். கறுப்பு ஆக்சைடான மேக்னடைட் அப்படியல்ல, பரப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிக்கும் கரைசலில் எஃகை முக்கி இதை உண்டாக்குகிறார்கள். ஆனால் இந்தப் படலம் மிக மெல்லியது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் பெரிய உபயோகம். எண்ணெய் காய்ந்துவிட்டால், வியர்வைக் கை பட்ட இடத்தில்கூடத் துரு தலைகாட்டும்.

அடுத்தது துருப்பிடிக்காத எஃகு. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி தேடியது துப்பாக்கிக் குழலின் உட்புறம் அரிக்காமல் இருக்க ஓர் எஃகு. கிடைத்த எஃகு முதலில் போய்ச் சேர்ந்ததோ சாப்பாட்டு மேசைக் கத்திக்கு! இந்த எஃகில் வழக்கமாகத் தயாரிக்கப்பட்ட முதல் ரிவால்வரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60 வந்தது 1965-ல். இடையில் 52 வருடங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ் வீடுகளில் 'எவர்சில்வர்' என்றால் என்றைக்கும் கெடாது என்று அர்த்தம். நல்ல பாத்திரங்களில் சுமார் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். துப்பாக்கிக்குப் பெரும்பாலும் எடுக்கப்படும் 416 போன்ற ரகங்களில் குரோமியம் 12 முதல் 14 சதவிகிதம்தான். கடினமாக்கவும் கடைந்தெடுக்கவும் அது வசதி. ஆகவே துரு தாமதமாக வருமே தவிர, வரவே வராது என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் பல சமயம் சாதாரண எஃகுதான்.

கறுநீலத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் அழகைச் சொல்வார்கள். 1955-ல் வந்த கோல்ட் பைத்தானின் நீல மெருகை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். வெயிலில் கண்ணைக் கூசச் செய்யாது என்பதும் நியாயமான வாதம். ஆனால் தோலுறையில் போட்டு எடுத்தால் ஓரங்கள் தேய்ந்து வெளுக்கும். எவர்சில்வரில் விழுந்த கீறலைத் தேய்த்தே மறைத்துவிடலாம். கறுநீலத்தில் அது முடியாது. மறுபடி முழுக்கச் சாயமேற்றினால், பழைய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை விழுந்துவிடும்.

காமர்ஸ் கணக்காகப் பார்த்தால், எவர்சில்வருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை பராமரிப்புச் செலவை முன்கூட்டியே கட்டுவதுதான். ஃபுளோரிடா போன்ற புழுக்கமான இடத்தில், தினமும் உடம்போடு ஒட்டி எடுத்துச் செல்பவருக்கு அந்தச் செலவு லாபமே. உலர்ந்த பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறவருக்குக் கறுநீலமே போதும். தாத்தா விட்டுப்போன கறுநீல ரிவால்வர் வைத்திருப்பவர் அதைப் புதுசாக்காமல் அப்படியே வைத்திருப்பது நல்லது.

ஆபத்தான வாடிக்கையாளர் மூன்றாவது ஆள். எவர்சில்வர்தானே என்று வாங்கி, ஈரத்தை உறிஞ்சும் தோலுறையிலேயே வருடக்கணக்கில் போட்டு வைப்பவர். உயிருக்குக் காவல் என்று வாங்கிய பொருள் வேண்டிய நேரத்தில் இறுகி நின்றால், அங்கே கலர் உதவாது. எதை வாங்கினாலும் ஒரு குப்பி எண்ணெயும் ஒரு பழைய துணியும் சேர்த்தே வாங்க வேண்டும்.