மடற்பனை

ஆசிரியராகத் தகாதவர்க்கு உவமை தேடிய பவணந்தி முனிவர், மடற்பனையையும் அவ்வுவமைகளுள் ஒன்றாக வைத்தார். தானே விழவிட்டாலன்றித் தன்னை நாடி வருவோர்க்கு எதனையும் கொடாத மரம் என்பது அதன் கருத்து. நன்னூல் கற்றோர் இதனை அறிவர். ஆயினும், யாழ்ப்பாணத்துத் தொழிலாளர் இவ்வுவமையைத் தம் கைகளால் வென்றனர் என்றே நான் சொல்வேன். கருக்குமட்டைக்கு அஞ்சாது ஏறி, அடி முதல் குருத்து வரை அம்மரத்தைப் பயன்கொண்டனர். பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் கணக்கிட்டது. வில்லியம் பேர்குசன் 1850ஆம் ஆண்டில் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

அந்த எண்ணிக்கையினும் என்னை வியக்கவைப்பது பொருத்தம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைப் பாருங்கள். அதன் கூம்பு வடிவம் பானையின் வாயிற் பொருந்தி நிற்கிறது, இழைகளினூடே ஆவி ஏறுகிறது, மாவோ சிந்துவதில்லை. பாரஞ் சுமக்கும் கடகத்தின் விளிம்பை நார் கட்டி வலுப்படுத்தினர். கள்ளருந்தும் பிளா, பருகிய பின் மண்ணோடு மண்ணாயிற்று. பன்னாடை வடிகட்டியாயிற்று, வைரமேறிய மரம் கூரையைத் தாங்கிற்று. எப்பகுதிக்கு எவ்வேலை என ஆராய்ந்து வகுத்த இவ்வறிவே வடிவமைப்புக் கலை. ஏறியவரையும் இழைத்தவரையும் தாழ்வாக எண்ணிய நம் சமூகம், அவர்தம் அறிவை அறிவென்று மதிக்கத் தவறியது.

போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றின் ஓலை வளவுகளில் உக்கிக் கிடக்க, பிளாஸ்ரிக் கூடையோடு நாம் சந்தைக்குப் போகிறோம். 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. 2017ஆம் ஆண்டில் உணவு பொதியும் பொலித்தீன் தாளுக்கு அரசு தடை விதித்தது. ஓலைக்கு அது திறந்த வாயில். ஆனால், கடைகளில் நான் பெரிதும் காண்பவை சாயமிட்ட அலங்காரப் பெட்டிகளே. அழகுப் பொருள் வேண்டாமென்று சொல்லவில்லை. அலுமாரியில் வைக்கும் பெட்டியை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். அன்றாடம் புழங்கித் தேயும் பெட்டியை மீண்டும் மீண்டும் வாங்குவார். இழைப்பவள் வீட்டில் உலையேறுவது இரண்டாவதனாலேயே.

அவளிடம் நாம் என்ன பேசுகிறோம்? "ஓலைதானே!" என்று பேரம் பேசுகிறோம். ஓலை மலிவாகலாம், ஒருநாள் முழுதும் ஓயாத விரல்கள் மலிவாகா.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: கைப்பணிப் பாடத்தைக் கண்காட்சிக்கான அலங்காரமாகக் கருதாதீர்கள். பொறியியல் பயிலும் மாணவர் சில நாளாவது இழைப்போர் அருகில் அமரட்டும். மதிய உணவு கொண்டுசெல்ல ஒரு பெட்டி, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கத்தக்க ஒரு சந்தைக் கடகம் என்று இன்றைய தேவைக்கு ஏற்றவற்றை இரு சாராரும் கூடி ஆக்கட்டும். ஊதியத்திலும் பெயரிலும் இழைத்தவர்க்கு உரிய பங்கு சேரட்டும்.

விழுந்த பழத்தை மட்டும் பொறுக்கி மனநிறைவடைவோமாயின், பவணந்தியாரின் உவமை பனையை விட்டு நம்மைச் சாரும்.